நான்கு வரித் திரையில் ஒரு சவுனா

தொலைபேசியிலிருந்தே சவுனாவை, அதாவது எங்கள் ஃபின்னிஷ் வெப்பக் குளியலறையை, சூடேற்றலாம் என்ற யோசனை யூர்கிக்கு ஸ்டாக்ஹோம் விமான நிலையத்தில் உதித்தது. சவுனாவில் உட்கார்ந்திருந்த எவருக்கும் இப்படி ஒரு யோசனை வந்ததாகத் தகவல் இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்குச் சூடு ஏற்கெனவே இருக்கிறது.

அது இரண்டாயிரமாவது ஆண்டின் வசந்தம். எங்கள் தம்பெரெ நகரத்தில் அப்போது "வேப்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும், யாராவது ஓடிவந்து ஓர் அலுவலகமும் காப்பி இயந்திரமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேப் என்றால் கையில் வைத்துப் பார்க்கும் இணையம். நான்கு வரித் திரை, அதில் கறுப்பு எழுத்து. ஒரு பக்கம் வேண்டுமானால் தொலைபேசி முதலில் எங்கேயோ டயல் செய்யும், பிறகு யோசிக்கும், பிறகு மன்னிப்புக் கேட்கும். மனம் இருந்தால் பக்கத்தைக் காட்டும். இதற்கு நிமிடக் கணக்கில் கட்டணம். உலகம் இனி இப்படித்தான் இருக்கப்போகிறது என்று எல்லாப் பத்திரிகைகளும் அடித்துச் சொன்னதால் மக்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

யூர்கியின் நிறுவனத்தில் அந்தப் பக்கங்களை எழுதுகிறவள் இர்மெலி. முப்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, பேச்சு குறைவு. தொலைபேசிப் பக்கங்களுக்கான குறிமொழித் தரத்தை, அதாவது அதன் விதிநூலை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஆள் அங்கே அவள்தான். மற்றவர்கள் சுருக்கத்தைப் படித்திருந்தார்கள். யூர்கி தலைப்பைப் படித்திருந்தான்.

அந்த மொழியில் பக்கத்துக்குப் பக்கம் என்று பெயர் கிடையாது, சீட்டு. பல சீட்டு சேர்ந்தால் சீட்டுக்கட்டு. கணினி உலாவிகள் நீங்கள் எவ்வளவு அலங்கோலமாக எழுதினாலும் ஒப்பேற்றிக் காட்டிவிடும். தொலைபேசி அப்படியில்லை. ஓர் இடத்தில் அடைப்பை மூட மறந்தால் மொத்தச் சீட்டுக்கட்டையும் தூக்கி எறிந்து, பிழை என்று மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். கட்டும் கையளவுதான் இருக்கவேண்டும். கொஞ்சம் பருத்தால் உள்ளே விடாது. இர்மெலிக்கு இந்தக் கறார் பிடித்திருந்தது. மனிதர்களைவிட இது பரவாயில்லை, என்ன தப்பு என்று சொல்லாவிட்டாலும் தப்பு என்றாவது சொல்லிவிடுகிறது.

மே மாதம் அந்தத் தரத்தை வகுக்கும் குழு தம்பெரெயில் கூடப்போவதாகச் செய்தி வந்தது. பல நாட்டிலிருந்தும் தொலைபேசி செய்கிறவர்கள், உலாவி செய்கிறவர்கள், ஒன்றும் செய்யாதவர்கள் எல்லாரும் வருகிறார்கள். யூர்கி இர்மெலியின் மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"காலைல மேடைல நின்னு போன்ல ஒரு தட்டு. சாயங்காலம் எல்லாரையும் பஸ்ல கூட்டிட்டுப் போறோம், சவுனா தயாரா இருக்கு. எப்படி?"

"மின்சார அடுப்பு இருக்கிற சவுனான்னா முடியும்," என்றாள் இர்மெலி.

"மின்சார அடுப்பை எவன் வேணாலும் சுவிட்சைத் தட்டிச் சூடாக்குவான். எனக்குப் புகைச் சவுனா வேணும். உலகத்துலயே பழைய குளியல், உலகத்துலயே புதுப் போன். கேக்கவே நல்லா இல்ல?"

"புகைச் சவுனாவுக்கு வெறகு, யூர்கி. போன் எப்படி வெறகைப் பத்த வைக்கும்?"

"நீதானே தரத்தைப் படிச்சவ."

"தரத்துல தீப்பெட்டி இல்ல."

யூர்கி சிரித்தான். எதிராளி சொன்னது காதில் விழவில்லை என்பதற்கு அவன் வைத்திருந்த சிரிப்பு அது. "ருவோவெசி ஏரிக்கரைல உங்க அப்பா கட்டின புகைச் சவுனா இருக்குன்னு சொன்னியே. உன் தம்பியும் அங்கதானே இருக்கான். இங்க தட்டினா அவன் போனுக்கு ஒரு மெசேஜ் போகட்டும், அவன் பத்த வைக்கட்டும். பாக்குறவங்களுக்கு நடுவுல மனுஷன் இருக்கான்னு தெரியவேண்டாம். கருவின்னு சொல்லிக்கலாம்."

"அது பொய்யில்ல?"

"முதல் பதிப்பு," என்றான் யூர்கி.

முதலாளியை நீ, வா, போ என்று கூப்பிடலாம். மறுத்துப் பேசத்தான் முடியாது. எங்கள் நாட்டுச் சமத்துவம் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

ஆனால் இர்மெலி சரி என்றதற்கு யூர்கி மட்டும் காரணமில்லை. தம்பி இல்போ அவளோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகப்போகிறது. போன கோடை நடுநாள் விருந்தில், ஒன்றுவிட்ட சொந்தங்கள் எல்லாம் சவுனா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவள் வாய் தவறி "இன்னைக்குக் கொஞ்சம் வெதுவெதுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சூடேற்றியவன் இல்போ. ஒருவன் குடிக்கிறான், கடன்காரன், கட்டிய மனைவி ஓடிவிட்டாள் என்று எதை வேண்டுமானாலும் அவன் முகத்துக்கு நேரே சொல்லலாம்; எங்கள் பக்கம் அதையெல்லாம் பொறுத்துக்கொள்வார்கள். அவன் மூட்டிய சவுனா வெதுவெதுப்பு என்று சொல்லக் கூடாது. இல்போ இறங்கி, துண்டைக் கட்டிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

அப்பா போனபிறகு அந்தச் சவுனா இருவருக்கும் பாதிப் பாதி. வீடு, தோப்பு எதைப் பற்றியும் இர்மெலிக்குக் கவலையில்லை. அவள் குடும்பத்தில் மனிதர்கள் வாய் திறந்தது எல்லாம் அந்தச் சவுனா வாசலில் இருந்த பெஞ்சில்தான், சூடேறி வெளியே வந்து உடம்பு ஆறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில். அம்மாவின் நோயை அப்பா அங்கேதான் சொன்னார். அந்தக் கட்டடம் நிற்கிறவரைக்கும் தம்பி என்றாவது ஒருநாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிடுவான் என்று அவள் உறுதியாக நம்பினாள். விருந்தாளிகள் போனபின் அன்றைக்கே பேசினாலும் பேசுவான்.

போன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால் போன் செய்தால் முதலில் பேசியவள் அவள் ஆகிவிடுவாள். எஸ்எம்எஸ் அனுப்பினாள்: "இருபத்திமூணாந்தேதி விருந்தாளி வர்றாங்க. என் நம்பர்லேர்ந்து மெசேஜ் வந்ததும் சவுனாவைச் சூடாக்கு." மறுநாள் பதில் வந்தது: "சரி." அந்த ஒரு சொல்லை அவள் அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

பிறகு சீட்டுக்கட்டை எழுதினாள். முதல் சீட்டில் "சூடேற்று" என்ற இணைப்பு. அதைத் தட்டினால் "சவுனா சூடாகிறது, நன்றி" என்ற சீட்டு. மறுபடி தட்டினால் செய்தி போகாமல் தடுக்க "ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கிறது" என்று இன்னொரு சீட்டும், "நிறுத்து" என்று இன்னொன்றும் எழுதியிருந்தாள். யூர்கி வந்து பார்த்துவிட்டு, நிறுவனத்தின் சின்னத்தைப் படமாகப் போடவேண்டும் என்றான். படம் போட்டால் கட்டு பருத்துவிடும் என்றாள். எதையாவது எடு என்றான். எதை எடுக்க என்றாள்.

"நிறுத்துங்கிறதை எடு. சவுனாவை எவனாவது நிறுத்தச் சொல்வானா?"

அப்படி அந்தச் சீட்டு போனது. அதோடு மற்றதும் போனது. அவற்றின் இடத்தில் ஒரு குட்டிக் குடிசையும் அதன்மேல் புகையும் கறுப்புப் புள்ளிகளாக வந்து உட்கார்ந்தன. செய்தி அனுப்பத் தனித் தொலைபேசி வாங்க யூர்கிக்கு மனம் வரவில்லை. இர்மெலியின் சொந்தத் தொலைபேசியையே ஒரு கம்பியால் அலுவலகக் கணினியோடு பிணைத்தார்கள். கம்பியில்லாப் புரட்சிக்கு அந்தக் கம்பி ஒன்றுதான் தேவைப்பட்டது.

குறித்த நாள் காலை, யூர்கி மேடையில் நின்று தட்டினான். டயல், யோசனை, மன்னிப்பு. இரண்டாம் தட்டலில் "சவுனா சூடாகிறது, நன்றி" என்று வந்தது. அரங்கம் கைதட்டியது. பின்வரிசையில் இர்மெலிக்கு வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. இந்நேரம் இல்போ பூர்ச்ச மர விறகை உள்ளே அடுக்கிக்கொண்டிருப்பான். புகைபோக்கி இல்லாத அறை அது. கற்குவியலின் கீழே மணிக்கணக்காக எரித்து, பிறகு நெருப்பை அணையவிட்டு, புகையை வெளியேற்றிவிட்டு, மாலையில்தான் உள்ளே போகவேண்டும். இல்போ அதில் கெட்டிக்காரன். அந்த ஒருநாளைத் தவிர.

அப்போது டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்னிங் கையைத் தூக்கினான். செந்தாடி, பெரிய உருவம், பெரிய குழுவின் உள்ளே இருந்த இன்னொரு சிறிய குழுவுக்குத் தலைவன். "அந்த இணைப்பு உங்க போன்ல அடிக்கோடோட தெரியுது. எங்க உலாவில எப்படித் தெரியும்னு பாக்கணுமே. முகவரி என்ன?"

யூர்கி வாயெல்லாம் பல்லாக முகவரியைத் திரையில் பெரிதாகப் போட்டான்.

அதற்குப்பிறகு நடந்ததை அறியாதவர்கள் பார்த்திருந்தால் தியான வகுப்பு என்று நினைத்திருப்பார்கள். அரங்கம் முழுக்கத் தலைகள் குனிந்தன. ஒருவர் தொலைபேசியில் இணைப்பு அடிக்கோடிட்டுத் தெரிந்தது. ஒருவருடையதில் சதுர அடைப்புக்குள் தெரிந்தது. பிரெஞ்சுக்காரி ஒதீலின் தொலைபேசியில் அது "விருப்பங்கள்" என்ற பட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஜப்பானிலிருந்து வந்தவர் தொலைபேசியில் குடிசை மட்டும் வந்தது, பணிவாக அதைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லாரும் ஒரே தரத்தைத்தான் பின்பற்றினார்கள், அவரவர் இஷ்டப்படி. இதை ஒழுங்குபடுத்தத்தான் அவர்கள் கூடியிருந்தார்கள், இதற்கு முன்பும் கூடியிருந்தார்கள்.

தெரிந்தால் போதுமா, வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்க்கவேண்டாமா. தட்டினார்கள். பக்கம் வரத் தாமதமானதால் மறுபடி தட்டினார்கள். காப்பி இடைவேளையில் ஏலக்காய் ரொட்டியைக் கடித்தபடி ஒருவர் தொலைபேசியை ஒருவர் வாங்கித் தட்டினார்கள்.

இர்மெலி யூர்கியை ஒதுக்கமாக அழைத்தாள். "ஒவ்வொரு தட்டுக்கும் இல்போவுக்கு ஒரு மெசேஜ் போகுது."

"போகட்டுமே. ஒரே விஷயம்தானே."

"நான் ஆபீசுக்குப் போய் கம்பியைப் பிடுங்கிட்டு வந்துடறேன்."

"பிடுங்கினா இவங்களுக்குப் பிழைன்னு காட்டும். இன்னைக்குப் பூரா பிழை காட்டாத ஒரே பக்கம் நம்மளது. நீ போய் பேட்ஜ் குடு."

அவள் பேட்ஜ் கொடுத்தாள். தம்பி முட்டாள் இல்லை, ஒரே செய்தி பல தடவை வந்தால் கோளாறு என்று விட்டுவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய தொலைபேசி அலுவலகத்தில் கம்பியில் கிடந்தாலும், வாசல் பக்கம் சுவரில் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. அதை இரண்டு தடவை கடந்து போனாள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது, இத்தனை மாதம் கழித்து முதல் பேச்சாக? மன்னிப்பு ஒன்றை மனதில் எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்தாள், அதை மாலையில் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லத்தான் ஆசை. அதை இப்படி அரக்கப்பரக்க வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. கர்வமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாலையில் பேருந்து புறப்பட்டது. பைன் மரங்களும் ஏரிகளும் மாறி மாறி வந்தன; விருந்தினர்கள் சன்னலைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்கள். தொலைபேசிக் கோபுரம் தூரமாகப் போகப் போகப் பக்கம் வருகிறதா என்பது அவர்களுக்குப் புதிய ஆராய்ச்சி. இர்மெலிக்குப் பக்கத்தில் ஹென்னிங் உட்கார்ந்திருந்தான்.

"சூடேத்துற கருவியை எங்க வாங்கலாம்?" என்று கேட்டான்.

"யூர்கியைக் கேளுங்க."

"கேட்டேன். காப்புரிமை வாங்கற வரைக்கும் சொல்லமாட்டாராம்." ஹென்னிங் மறுபடி ஒரு தட்டு தட்டிவிட்டுத் தாடியைச் சொறிந்தான். "நல்லவேளை, உங்களது மெஷின். எத்தனை தடவை சொன்னாலும் அதுக்கு ரோஷம் வராது. என் பொண்டாட்டிகிட்ட 'சாப்பாட்டுல உப்பு கம்மி'ன்னு ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவையும் சொன்னேன். அடுத்த வேளைக்கு உப்பை மட்டும் தட்டுல வச்சா."

இர்மெலி சிரிக்க வாயைத் திறந்தாள், அது அப்படியே நின்றது.

சூடேற்று. அவளுடைய எண்ணிலிருந்து, அவளுடைய பெயரில், காலையிலிருந்து. வெதுவெதுப்பு என்று ஊர் முன்னால் அவள் சொன்ன மனிதனுக்கு. சூடேற்று, சூடேற்று, இன்னும் சூடேற்று. இல்போ இதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள மாட்டான். ஏன் என்று கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டான், கேட்டால் முதலில் பேசியவன் அவன் ஆகிவிடுவான். அவளுக்குத் தெரியாததா, அதே ரத்தம்தானே அவளுக்கும். வாயைத் திறப்பதற்குப் பதில் அவன் விறகை அள்ளிப் போடுவான்.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்க."

"இருங்க, பக்கம் இறங்கிட்டிருக்கு. இப்ப வெட்டினா மறுபடி முதல்லேர்ந்து..."

அவன் கையிலிருந்து பிடுங்கியே விட்டாள். இணைப்பைத் துண்டித்து எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டென்மார்க் எண், வெளிநாட்டு எண்ணை எடுக்கும் பழக்கம் இல்போவின் ஏழு தலைமுறைக்கும் கிடையாது. மறுபடி அடித்தாள். மறுபடி எடுக்கவில்லை. அவள் எழுந்து ஆடி ஆடி ஓட்டுநரிடம் போனாள்.

"போன் இருக்கா? உள்ளூர் நம்பர்?"

ஓட்டுநர் கண்ணாடிக்கு முன்னால் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. எங்கள் ஊரின் நல்ல குணமும் அதுதான், கெட்ட குணமும் அதுதான்.

இல்போ எடுத்தான். "யாரு?"

"நான்தான்."

மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்தவனின் மூச்சு. பிறகு, "இப்பவாவது சூடு போதுமா உனக்கு?"

"இல்போ, அதெல்லாம் நான் அனுப்பல."

"உன் நம்பர்."

"நம்பர் என்னுது. அமுக்கினது நான் இல்ல. ஒரு டென்மார்க்காரன், ஒரு பிரெஞ்சுக்காரி, அப்புறம் ஒரு பெரிய கூட்டம்."

"டென்மார்க்காரனுக்கு நம்ம சவுனா எதுக்கு?"

"இணைப்பு எப்படித் தெரியுதுன்னு பாக்க."

ஓட்டுநரின் கணக்கில் ஒரு நிமிடம் ஓடியது.

"அவன் இணைப்பைப் பாக்கறதுக்கா நான் காலைலேர்ந்து வெறகு சொமக்கறேன்?" என்றான் இல்போ. "இந்த வருஷத்து வெறகு மத்தியானமே தீர்ந்துடுச்சு. அடுத்த வருஷத்துக்கு வச்சிருந்ததையும் போட்டேன். இப்ப வேலியைப் பேத்துப் போட்டிருக்கேன். கல்லெல்லாம் செவந்து கெடக்கு. நீ அப்பவும் விடல."

"ஏன்டா ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாது?"

"நீ ஏன் காலைல கூப்பிட்டுச் சொல்லல?"

இர்மெலி பேச்சை மாற்றினாள். "இனிமே ஒண்ணும் போடாத. கேக்குதா? நாங்க வந்துட்டே இருக்கோம்."

"சரி," என்றான். குரல் இளகியிருந்தது போலத் தோன்றியது. "கடைசியா போட்டது இப்பத்தான்... இரு. கூரைல என்னவோ சத்தம்."

தொலைபேசியைக் கீழே போடுகிற ஓசை கேட்டது. அதற்குப்பின் அவள் எவ்வளவு கத்தியும் பயனில்லை. ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் கூட்டினார்.

அவர்கள் திருப்பத்தில் இறங்கியபோது சவுனாவின் கூரை எரிந்துகொண்டிருந்தது. தலைமுறைப் புகை படிந்து காய்ந்த மரம், கேட்கவா வேண்டும். ஏரி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. விருந்தினர்களில் சிலர் கைதட்டினார்கள். யூர்கி முகம் வெளுத்தாலும் நாக்கு வெளுக்கவில்லை. "பழங்கால வழக்கம்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். அதற்குள் இல்போ இடுப்பளவு தண்ணீரிலிருந்து வாளியோடு ஓடி வந்தான். முகம் கரி, புருவம் பாதி இல்லை. அவனைப் பார்த்ததும் கைதட்டல் நின்றது.

இர்மெலி ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஹென்னிங் நல்ல மனிதன், எல்லாரையும் கரையிலிருந்து வரிசையாக நிற்கவைத்து வாளி கைமாற்றலாம் என்றான். வரிசை நின்றது. ஆனால் நிறைந்த வாளி இடப்பக்கம் போகவேண்டுமா வலப்பக்கமா என்பதில் ஒதீலுக்கு மாற்றுக்கருத்து இருந்தது. காலி வாளி அதே வரிசையில் திரும்புமா, தனி வரிசையா என்று பின்னால் ஒருவர் கேட்டார். ஜப்பானியர் மட்டும் வரிசையை விட்டு வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், தன் தொப்பியில் மொண்டு மொண்டு ஊற்றினார். உத்தரம் உள்ளே விழுந்தது. அதன்பிறகு ஊற்றியது எல்லாம் ஓர் ஆறுதலுக்குத்தான்.

ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வண்டி வந்தபோது சுவர்களில் பாதிதான் மிச்சம். படைக்குத் தலைவி ஹெல்வி, மற்ற நாள்களில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். ஆட்களிடம் குழாயைக் கொடுத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி அக்குளில் வைத்தபடி கூட்டத்திடம் வந்தாள்.

"யாரு சூடாக்கினது?"

"யாரும் இல்ல," என்றான் யூர்கி, ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி. "இது தானியங்கி. கம்பியில்லாத் தொழில்நுட்பம்."

"அந்தத் தானியங்கி எங்க இருக்காரு?" என்று ஹெல்வி ஃபின்னிஷில் கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. விருந்தினர்கள் யூர்கியைப் பார்த்தார்கள். யூர்கி இர்மெலியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் வேலை, பதவி, அடுத்த மாதம் வரப்போகும் முதலீடு எல்லாமே இருந்தன. கருவிதான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சற்றுத் தள்ளி இல்போ காலி வாளியோடு நின்றான். காலையிலிருந்து விறகு சுமந்தவன், வேலியைப் பெயர்த்தவன், புருவத்தைக் கொடுத்தவன். யூர்கியின் கதையில் அவன் இல்லவே இல்லை.

"கருவி எதுவும் கிடையாது," என்றாள் இர்மெலி, முதலில் ஹெல்விக்கு, பிறகு அதையே ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கு. "சூடாக்கினது என் தம்பி இல்போ. நீங்க ஒவ்வொரு தடவை தட்டினப்பவும் அவனுக்கு ஒரு மெசேஜ் போச்சு. அவன் ஒவ்வொரு தடவையும் வெறகு போட்டான். பக்கத்தை எழுதினது நான். நிறுத்துங்கிறதை எடுத்ததும் நான். தப்பு என்னுது."

யூர்கி பேருந்தை நோக்கி நடந்தான். ஹென்னிங் தன் தொலைபேசியை ஒருமுறை பார்த்து, ஏதோ பாம்பைப் பிடித்தவன்போலச் சட்டைப்பைக்குள் போட்டான். ஒதீல் மட்டும் தயங்கித் தயங்கி, அப்படியானால் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்பது கட்டாயமா, விருப்பமா, அடுத்த பதிப்பில் அதைத் தெளிவுபடுத்த வேண்டாமா என்று கேட்டாள். குழுவில் நாலைந்து பேர் அதைப் பற்றி அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கட்டாயம் என்று சிலரும், விருப்பம் என்று சிலரும் பிரிந்தார்கள்.

ஹெல்வி இல்போவிடம் திரும்பினாள். சின்ன வயதிலிருந்து தெரிந்தவன் என்பதால் குரலைத் தாழ்த்தவில்லை. "உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? கல்லு செவந்த அப்புறமும் எவனாவது போடுவானா? அவ சொன்னா, உனக்குத் தெரியவேணாம்?"

இல்போ வாளியைக் கீழே வைத்தான்.

"தெரியும்," என்றான். "போட்டா எரிஞ்சுடும்னு மூணு மணிக்கே தெரியும். ஆனா ஒரு வருஷமா அவகிட்டேர்ந்து, விருந்தாளி வர்றாங்கங்கிற அந்த ஒரு மெசேஜைத் தவிர, ஒரு வார்த்தையும் வரல. இன்னைக்கு நிமிஷத்துக்கு ஒண்ணா வந்துச்சு. போடறதை நிறுத்தினா அதுவும் நின்னுடுமோன்னு இருந்துச்சு."

இர்மெலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்க அவள் முயலவும் இல்லை. அழுகிறவரைப் பார்க்காமல் இருப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. ஹெல்வியும் அவளுடைய ஆட்களும் ஓட்டுநரும் உடனே ஏரியைப் பார்க்கத் திரும்பினார்கள். தம்பி மட்டும் திரும்பவில்லை.